வத்தேகமைக்கு மேலே பதினொரு தேயிலை மரங்கள்

சுதா, பிரவீன், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படித்து முடிக்கும் முன்னே மற்றவர் தாளைத் திருப்பக் கூடாது. நான் கண்டியிலிருந்து திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. வந்த அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பாதிப் பதில்தான் சொன்னேன். அத்தை நன்றாக இருக்கிறாள், பாப்பாவுக்குக் காது குத்தியாயிற்று, மிட்டாய் இந்தா. அவ்வளவுதான். மீதியை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

சுதா, கிளம்புவதற்கு முந்தின நாள் உன் உலகப் படத்தைக் கொண்டு வந்து காட்டினாய். காடு கூடுகிற இடத்துக்குப் பச்சை, குறைகிற இடத்துக்குச் சிவப்பு என்று டீச்சர் சொன்னதாகச் சொன்னாய். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கப்பல் கட்டவும், அடுப்பெரிக்கவும், வயல் போடவும் காட்டை அழித்தார்களாம். இப்போது மலைப்பக்கத்து வயல்களை விட்டுவிட்டு ஜனங்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் காடு தானாகத் திரும்பி வருகிறதாம். தென் அமெரிக்காவில் மாடு மேய்க்கவும் சோயா போடவும் வெட்டுகிறார்கள். இந்தோனேசியாப் பக்கம் பாமாயில். ஆப்பிரிக்காவில் விறகுக்கும் விதைப்புக்கும். சீனாவில் வரிசை வரிசையாக நடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் வண்ணம் அடித்துவிட்டு, "இலங்கைக்கு என்னப்பா அடிக்கிறது? பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாய். ஒரே நிறம்தானே, பார்த்ததும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

உங்கள் பார்வதி அத்தையை, என் அத்தை மகன் சிவலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா அந்த நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து, கூடலூர்க் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். பார்வதியின் கடைசிப் பெண் சஞ்சனாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று பார்வதி அழுது கூப்பிட்டாள். அதனால்தான் போனேன்.

முதல் நாளே தப்பு. கண்டியில் இறங்கி, ஏரியைப் பார்த்தேன், ஏரிக்குப் பின்னால், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையை ஒட்டி எழும்பும் காட்டைப் பார்த்தேன். நம் ஊட்டியின் நடுவில் இப்படி ஒரு காட்டை யாராவது விட்டு வைத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அங்கே பஸ்களின் பலகைகளில் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் இருக்கிறது. 'வத்தேகம' என்று தமிழில் பார்த்ததும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். பழைய பயணத்துப் பலகையை இன்னும் மாற்றவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? வண்டி வளைந்து வளைந்து ஏறி ஹந்தானை மலைக்குப் போய் நின்றது. நடத்துநர் என்னை எழுப்பினார். பாதித் தமிழில், "ஐயே, மலை முடிஞ்சு. எறங்குங்க" என்றார்.

எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. தொப்பி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க நானா ஒருவர். முஸ்லிம் பெரியவர்களை அங்கே நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பையையும் முகத்தையும் பஸ்ஸின் பலகையையும் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

"வத்தேகமைக்குப் போக வேண்டிய ஆள் இங்க வந்து நிக்கிறீங்களா? பயப்பட வேணாம். இதே பஸ் அரை மணித்தியாலத்துல திரும்பும். பிளேன்டீ குடிங்க. இந்தியாவா?"

"ஆமாங்க. நீலகிரி."

"அப்ப உங்களுக்கு டீ குடுக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். ஆனாலும் கொடுத்தார். பால் இல்லை. சீனியை அவர்கள் உள்ளே போடாமல் கையில் கொடுக்கிறார்கள், ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு சாயத் தேத்தண்ணி. முதலில் வினோதமாக இருந்தது. பிறகு இரண்டாவது கோப்பை கேட்டேன்.

கடைக்குப் பின்னால் மலை முழுக்க பைன் மரங்கள். அவர்கள் பைனஸ் என்கிறார்கள். "எவ்வளவு பச்சையா இருக்கு" என்றேன்.

"பச்சைதான்" என்றார் நானா. "எங்கட வாப்பா காலத்துல இது மானாப்புல்லு மலை. பொறகு கொண்டு வந்து பைனஸ் நட்டாங்க. ஒருக்கா உள்ள போய் நின்டு பாருங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

உள்ளே போனேன். நம் காட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதுக்குத்தான் வேலை, இல்லையா? பூச்சி, குருவி, குரங்கு. அங்கே காற்று மட்டும் மேலே ஓடியது. தரையில் ஊசி இலை மெத்தை மாதிரி கிடக்கிறது, ஒரு செடி இல்லை. மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, பால் வடிய பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்கள். சரிவில் இரண்டு எட்டு வைத்ததும் ஊசி இலை வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் பத்தடி சறுக்கினேன். பிரவீன், நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

திரும்பி வந்ததும் நானா என் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். "குருவி இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு கூட இல்ல."

"கீழ எங்கட கெணறும் அப்பிடித்தான். மாசி வந்தா அடியில மண்ணு தெரியும். பைனஸ் குடிக்குதுன்டு நாங்க சொல்றோம். இல்லைன்டு படிச்சவங்க சிலர் சொல்றாங்க. கெணத்துக்கு யார் சொல்றது?"

கண்டிக்குத் திரும்பி, சரியான பஸ் பிடித்து வத்தேகமைக்கு வந்து சேரும்போது சந்தையில் மரக்கறிக் கடைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவலிங்கம் தன் ஆட்டோவோடு காத்திருந்தான். அங்கே அதற்கு த்ரீவீல் என்று பெயர்.

"என்னா மச்சான், வந்த ஒடனேயே ஹந்தானைக்கு டூரா? எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றான். நடத்துநர் வத்தேகம பஸ்காரர்களிடம் சொல்லி, செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

அவர்கள் இருப்பது லயத்தில். நம் தோட்டத்துப் பாடி வீடுகளைப் போலவே நீளமாக ஒரே கூரை, ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை. பார்வதி சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். வெங்காயம், மிளகாய், மாசிக் கருவாட்டுத் துண்டு எல்லாம் சேர்த்து இடித்தது. நான் கண்ணீரோடு சாப்பிட்டேன். "அண்ணே, பாசத்துல அழுவுறீங்களா, ஒறப்புலயா?" என்று கேட்டாள். ரெண்டும்தான்.

சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். அலுமாரிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து மேலே ஒரு வெடிப்பு ஏறுகிறது. என் விரல் உள்ளே போகும். வெடிப்பின் ஓரமாகப் பென்சிலால் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள்.

"என்னம்மா இது?"

"ஒவ்வொரு மழைக்குப் பொறகும் நுனி எங்க இருக்குன்னு கோடு போட்டு வைக்கிறேன்ணே. போன மழைக்கு ரெண்டு கோடு ஏறிருச்சு."

மண் சரியும் இடம், இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டார்களாம். எங்கே போவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பதினாலு குடும்பம். மழை கொட்டும் நாட்களில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார்களாம்.

இரண்டாம் நாள் காலையில் சிவலிங்கம் என்னை மேலே கூட்டிப் போனான். லயத்துக்கு மேலே ஒரு பீலி. ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் விழ விட்டிருக்கும் இடத்தை அப்படிச் சொல்கிறார்கள். பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மாசி வெயிலிலும் தண்ணீர் கைத்தடி மொத்தத்துக்கு விழுந்தது. அதற்கு மேலே ஒற்றையடிப் பாதை. பாதை முடிந்த இடத்தில் காடு.

பிள்ளைகளா, நான் பதினெட்டு வயதிலிருந்து கவ்வாத்துக்காரன், தேயிலையை வெட்டிக் கட்டையாக நிறுத்துவதே என் வேலை. தேயிலையை இடுப்பு உயரத்துக்கு மேலே விட்டால் எனக்குக் கை அரிக்கும். அங்கே நின்று மேலே பார்த்தேன். தென்னை ஓலைக் கொட்டகை உயரத்துக்கு மரங்கள். பட்டையில் பாசி, கிளையில் பெரணி, பாசியில் சின்ன வெள்ளைப் பூ. கீழே விழுந்து கிடந்த காயை எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமாகப் பிளந்த காய். தேயிலைக் காய்! அண்ணாந்து பார்த்தால் மஞ்சள் நடுவோடு தேயிலைப் பூ. சுற்றிலும் இருந்த அத்தனையும் தேயிலை.

"ஆள் பத்தாம இந்த மேல்மலைய கம்பனி விட்டுட்டுப் போயி முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றான் சிவலிங்கம். "நான் சின்னப் புள்ளையில எங்க அம்மா இங்க கொழுந்து எடுத்திருக்கு. இப்ப பாருங்க, காட்டுக்கோழி இருக்கு, மரை மான் கூட வருது."

ஒரு மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்டிய ஒவ்வொரு செடியும் இப்படி ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முன்னே இந்த மலையில் காடு இருந்தது. அதை வெட்டிக் கோப்பி போட்டார்கள். கோப்பி நோயில் போன பிறகு தேயிலை. இப்போது அந்தத் தேயிலையே காடாகி நிற்கிறது. சுதா, உன் பென்சில் பெட்டியில் இதற்கு நிறம் இருக்கிறதா?

சிவலிங்கம் என்னை வேடிக்கை காட்டக் கூட்டி வரவில்லை. அங்கே உச்சியில் ஒரு சமதரை இருக்கிறது. பாறை அடித்தளம், சரியாது. அந்த இடத்தைத்தான் வீடு கட்டக் கேட்டிருக்கிறார்கள்.

"வியாழக்கெழம ஆபீஸ்லருந்து ஒரு மிஸ் வர்றாங்க மச்சான், காணிய அளந்து எழுத. மேலருந்து எடுத்த படத்துல இது பூரா காடுன்னு காட்டுதாம். அவங்களும் காடுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. ஒரு ஆணி அடிக்க விட மாட்டாங்க. பழைய தேயிலைன்னு எழுதினா பதினாலு குடும்பத்துக்கும் எடம் கெடைக்கும்."

"தேயிலைதானே?"

"நீங்க சொல்றீங்க. அவங்க பாக்க இது காடு. நீங்க பெரிய கவ்வாத்துக்காரர்னு பார்வதி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. ஒரு வரிசை, ஒரே ஒரு வரிசை வெட்டி விடுங்க. தேயிலைத் தோட்டம் மாதிரி தெரிஞ்சாப் போதும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் என்றதும் என் நெஞ்சு அரை அங்குலம் நிமிர்ந்தது. அதுதான் உண்மை. மாசியில் கவ்வாத்து செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? காய்ந்த மண், வேரில் தெம்பு இருக்காது, வெட்டினால் துளிர்க்க வலு இருக்காது. மழை கண்ட பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். இதையெல்லாம் தோட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்கிற வாய் வேறு, வெட்டுகிற கை வேறு போலிருக்கிறது.

மூன்றாம் நாள் கத்தியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போனேன். தொடை மொத்தக் கிளைகளுக்கு ரம்பம். மணிக்கட்டு மொத்தம் இருப்பதைக் கத்தியால் ஒரே வீச்சு. வெட்டு முகம் சாய்வாக, செடியின் நடுவைப் பார்த்த மாதிரி விழ வேண்டும். மதியத்துக்குள் பதினொன்று வெட்டினேன். ஒவ்வொன்றையும் முழங்கால் உயரத்தில் நிறுத்தினேன். சிவலிங்கம் ஒவ்வொரு வெட்டுக்கும் "ஆகா" என்றான்.

பார்வதி போத்தலில் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். நான் வெட்டிய வரிசை நெடுக வெயில் விழுந்து கிடந்தது. ஈர மண் அதற்குள்ளேயே மேல்பக்கம் வெளுத்திருந்தது.

"அண்ணே, பீலித் தண்ணி இங்கருந்துதானே எறங்குது" என்றாள்.

"ஒரு வரிசைதானே புள்ள" என்றான் சிவலிங்கம்.

"ஒரு வரிசைன்னு நீங்க சொல்றீங்க. நாளைக்கு நம்மளப் பாத்து, பதினாலு வீட்டுக்காரவுங்களும் ஆளுக்கொரு வரிசை வெட்டுவாங்க. அத்தை இருக்கறப்ப, தேயிலை கட்டையா இருந்த காலத்துல மாசியில பீலி நூலு மாதிரி வரும்னு சொல்லும். இது மரமாகிப் பொறவுதான் தண்ணி நின்னுச்சு. வீடு மேல கெடைக்கணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லையா? வீட்டுல தண்ணி இல்லாம என்னா செய்றது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கத்தியைத் துடைத்து உறையில் போட்டேன். அதற்கு மேல் வெட்டவில்லை. ஆனால் வெட்டிய பதினொன்று வெட்டியதுதான்.

நான்காம் நாள் காது குத்து. தோட்டத்து மாரியம்மன் கோயிலில். சஞ்சனாவுக்கு ஐந்து வயது, வாய் மட்டும் ஐம்பது வயது. என் மடியில் உட்கார்ந்து, "மாமா, ஒங்க வேட்டி ஏன் இவ்ளோ மொடமொடன்னு இருக்கு? இந்தியாவுல எல்லாரும் காகிதமா உடுத்துவாங்க?" என்றாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பேச்சு நின்றது. என் கட்டை விரலை வாயில் வைத்துக் கடித்தாள். பல் தடம் இன்னும் இருக்கிறது, காட்டுகிறேன். இரண்டாவது காதுக்கு ஆசாரி நெருங்கியபோது, "ஒரு காது போதும் மாமா, சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு பால்சோறும் வாழைப்பழமும். ஒரு கதிரையில் உட்கார வைத்து எனக்கு மாலை போட்டார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, மேல்மலை விஷயத்துக்கு நன்றி சொன்னார்கள். மாலை உறுத்தியது.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. மிஸ் சிவலிங்கத்தின் த்ரீவீலில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும் சிங்களப் பெண். ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு டேப்லெட். உதவிக்கு ஒருவர். மிஸ் சிங்களத்தில் பேசியதைச் சிவலிங்கம் எனக்குச் சொல்லச் சொல்ல, நான் நினைவில் வைத்ததை எழுதுகிறேன். கொஞ்சம் தமிழும் அவருக்குத் தெரியும்.

முதலில் திரையைக் காட்டினார். மேலிருந்து எடுத்த படம். எதிர்மலையிலும் பைனஸ்தான், அது ஒரு பச்சை. இந்த மேல்மலை ஒரு பச்சை. தூரத்தில் நக்கிள்ஸ் மலைக் காடு, மனிதன் கை வைக்காதது, அதுவும் பச்சை. "இங்கே உட்கார்ந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்" என்றார். "அதனால்தான் நடந்து வர வேண்டியிருக்கிறது."

பிறகு என் வரிசையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"யார் இது? அளக்க வருகிறோம் என்று தெரிந்த பிறகு காட்டை வெட்டியது யார்?"

பதினாலு வீட்டு ஆட்களும் அங்கே நின்றார்கள். நான் வெளிநாட்டுக்காரன், விசாவில் வந்தவன். வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அதற்குள் சிவலிங்கம் முன்னால் போய், "நான்தான் மிஸ்" என்றான்.

அவர் குனிந்து ஒரு வெட்டைத் தடவிப் பார்த்தார். இன்னொன்றைத் தடவினார். உதவியாளர் இடுப்பிலிருந்த கத்தியை வாங்கிச் சிவலிங்கத்திடம் நீட்டி, கீழே கிடந்த ஒரு கிளையைக் காட்டி, வெட்டு என்றார். சிவலிங்கம் ஓங்கி மூன்று தடவை போட்டான். கிளை நார் நாராகக் கிழிந்து தொங்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"என் அப்பாவுக்கு நாவலப்பிட்டிப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது" என்றார் மிஸ். "இந்த வெட்டு த்ரீவீல் ஓட்டுகிறவர் வெட்டு இல்லை."

அப்போதுதான் பேசினேன். அந்த இடைவெளி எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒருவன் எனக்காகக் கத்தியைப் பிடித்துத் திணறிய அளவு. "நான்தாம்மா. கூடலூர்க்காரன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் வெட்டினேன்" என்றேன். சிவலிங்கம் அதைச் சிங்களத்தில் சொல்லாமல் நின்றான். சொல்லு என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன். சொன்னான்.

"ஏன்?"

"இது தேயிலைன்னு உங்களுக்குத் தெரியணும்னு."

அவர் அடுத்த மரத்தைக் காட்டினார். நான் தொடாத பன்னிரண்டாவது. "இது தேயிலை என்று எனக்கு எப்படிக் காட்டுவீர்கள்? வெட்டாமல்."

நான் மண்டியிட்டு அடிமரத்துப் பாசியை விரலால் விலக்கினேன். முழங்கால் உயரம் வரை முட்டி முட்டியாக இருந்தது. ஒவ்வொரு முட்டியும் ஒரு பழைய கவ்வாத்து. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வெட்ட, வெட்டிய இடத்தில் தழும்பு ஏறி, அதன் மேலே திரும்பத் துளிர்த்து, திரும்ப வெட்டி. காட்டு மரத்துக்கு அடியில் இப்படி இருக்காது. கடைசி முட்டிக்கு மேலே கிளைகள் ஒரே வீச்சில் வானத்துக்குப் போயிருந்தன. அங்கேதான் வேலை நின்றிருக்கிறது. பிறகு வரிசையின் முனையில் அவரை நிற்க வைத்தேன். பாசியும் பெரணியும் தாண்டி, அடிமரங்கள் மட்டும் ஒரு நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் தெரிந்தன. பக்கத்தில் ஒரு குச்சியால் குத்தினேன். சருகுக்குக் கீழே முழங்கை ஆழம் இறங்கியது. மழைத் தண்ணீர் போக அந்தக் காலத்தில் வெட்டிய கான்.

அவர் எல்லாவற்றையும் படம் எடுத்தார். பிறகு எழுந்து, கோபமில்லாமல்தான் சொன்னார்: "எனக்கு வேண்டியது இதுதான். இதற்குக் கத்தி எதற்கு?"

கவ்வாத்துக்காரனுக்குத் தேயிலையைக் காட்டத் தெரிந்த ஒரே வழி வெட்டுவது. மரம் தன் கணக்கைத் தானே அடியில் வைத்துக்கொண்டு நின்றதை, வெட்டத் தெரிந்த எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. காடு, காடு அல்லாதது. சுதா, உன் பச்சையும் சிவப்பும் மாதிரி. அவர் இரண்டிலும் குறி போடவில்லை. கீழே குறிப்பு எழுதும் இடத்தில் அரைப் பக்கம் எழுதி, சிவலிங்கத்துக்குப் படித்துக் காட்டினார். உச்சிச் சமதரை பழைய தேயிலை. பீலிக்கு மேலுள்ள சரிவு அப்படியே இருக்க வேண்டும், அங்கே வெட்டக் கூடாது, கட்டக் கூடாது. பார்வதி தலையை ஆட்டினாள். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவர் முடிக்கவில்லை. "புதிதாக வெட்டிய பதினொன்றை எழுதாமல் விட முடியாது" என்றார். "மழைக்குப் பிறகு இன்னொரு தடவை வருவேன். துளிர்த்திருந்தால் கவ்வாத்து என்று எழுதலாம். பட்டுப்போயிருந்தால் காடழித்த கேஸ். அதுவரை இந்தக் கோப்பு நகராது."

அதாவது, நான் வெட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இப்போது இன்னொரு மழைக்காலம் அவர்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். முந்தின நாள் மாலை போட்டவர்களில் ஒருவர் கூட என்னைத் திட்டவில்லை. "ஒங்களுக்கு நல்ல மனசு" என்றே சொன்னார்கள். ஒருத்தராவது திட்டியிருக்கலாம். சிவலிங்கம் மட்டும் இறங்கும்போது, "மச்சான், என் வெட்டப் பாத்து சிரிச்சானுங்களே, பாத்தீங்களா. நாளைக்கு ஒருத்தனையும் த்ரீவீல்ல ஏத்த மாட்டேன்" என்றான். எனக்காகத்தான் அதைச் சொன்னான்.

சாயங்காலம் பார்வதியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "வெட்டச் சொன்னது இவரு, வெட்டினது நீங்க, பெரும பேசி வச்சது நானு. யாருகிட்ட யாரு கேக்குறது? சாப்புட்டுப் படுங்கண்ணே, காலையில பஸ்ஸுக்குப் போகணும்" என்றாள். அந்த நேரத்திலும் என் பார்வை அந்தப் பென்சில் கோடுகள் மேலேயே போனது.

சுதா, இலங்கைக்கு என்ன நிறம் என்று நீ திரும்பக் கேட்டபோது, தெரியவில்லை என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். உண்மையிலேயே தெரியவில்லை. நம் தோட்டத்தில் உங்கள் தாத்தா நட்ட தேயிலையில் ஒரு பகுதியை இப்போது காட்டுக்கே விட்டுவிட்டார்கள், யானை வருகிறது, வேலை போன சிலர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அதையும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான். டீச்சர் ஒரு நிறம்தான் அடிக்கச் சொல்வார். அடித்துக்கொள். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் அடியில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அடி.

கிளம்பும் நாள் விடிந்ததும், வீட்டில் எல்லோரும் எழும் முன்னே நான் மட்டும் மேலே போனேன். பீலியில் யாரும் இல்லை. வெயில் இன்னும் எதிர்மலை உச்சியில்தான் இருந்தது. வெட்டிய கிளைகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன, இலை லேசாகச் சுருண்டிருந்தது. ஒவ்வொரு கட்டையின் மேலும் அதிலிருந்து வெட்டிய கிளைகளையே எடுத்து, வெட்டு முகத்தில் வெயில் படாதபடி, காற்றும் அடைபடாதபடி கூடாரம் மாதிரி சாய்த்து மூடினேன். ஒரு பட்டை உரிந்திருந்த இடத்தில் ஈர மண் பிசைந்து அப்பினேன். பத்துக் கட்டைகளுக்குக் கிளை சரியாக வந்தது. பதினோராவது கட்டைக்குக் கிளை போதவில்லை. சரிவில் இறங்கி இரண்டு கை பெரணி அறுத்துக்கொண்டு வந்து அதன் மேல் பரப்பினேன். காற்றில் பறக்காமல் இருக்க, ஓரத்தில் ஒரு கல்லை வைத்தேன்.